சிவப்பு நூல் கட்டிய விசில்

அக்கா,

இன்று காலை என் கடைசி மகள் ஸ்க்ரூடிரைவர் தேடுகிறேன் என்று பழைய தகரப் பெட்டியைக் கவிழ்த்தாள். ஆணி, பூட்டு, பல்பு ஹோல்டர் எல்லாவற்றோடும் உன் விசிலும் தரையில் விழுந்து, உருண்டு, என் காலடியில் வந்து நின்றது. பித்தளை பச்சை பூத்துப் போயிருக்கிறது. வளையத்தில் நீ கட்டிய சிவப்பு நூல் இப்போது சிவப்பில்லை, டீ டிகாக்‌ஷனில் ஊறின மாதிரி ஒரு நிறம். முடிச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. நீ போட்ட முடிச்சு எது தானாக அவிழ்ந்தது?

“யாருதுப்பா இது, நூலெல்லாம் கட்டி?” என்றாள்.

“தோட்டத்துல குடுத்தது” என்றேன்.

கொடுத்தது தோட்டந்தான். யார் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ போய் நாலு வருஷம் ஆகிறது. நீ இருந்தபோது உன்னிடமே சொல்லாததை மகளிடம் எங்கே சொல்வது? கோயம்புத்தூர் ஆபீஸ் வேலையை இரண்டு நாளைக்கு வீட்டிலிருந்தே பார்க்க வந்திருக்கிறாள். அவள் தன் கம்ப்யூட்டருக்குத் திரும்பிவிட்டாள். நான் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உன்னை முதலில் பார்த்தது மண்டபம் முகாமில், தண்ணீர்க் குழாயடியில். சிலோனை விட்டு வரும்போது தலைமன்னாரில் ஒரே கப்பலில்தான் ஏறியிருந்தோம். ஆனால் கப்பலில் யார் யாரைப் பார்த்தார்கள், எல்லாரும் பின்னால் போகிற கரையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தோம். முகாமில் தண்ணீருக்கு மணிக்கணக்கில் வரிசை. அன்றைக்கு நாலு ஆம்பளைகள் வாளியோடு நடுவில் புகுந்தார்கள். நீ விடுவிடுவென்று முன்னால் போய் உன் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தாய். “பின்னாடி போங்கய்யா. புள்ளகாரிங்க விடியக்காலமிருந்து நிக்கிறாளுக. ஒங்களுக்கு மட்டும் என்னா அவசரம், திரும்பிப் போற கப்பல் விட்டுப் போயிருமோ?” என்றாய். வரிசையே சிரித்தது. அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனார்கள்.

அன்றைக்கு உன்னால்தான் எல்லாரும் தண்ணீர் பிடித்தோம். பிடித்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பும்போதே அதே ஜனம், “அந்தப் பொம்பளைக்கு வாய் ஜாஸ்திப்பா” என்று பேசிக்கொண்டு போனது. நானும் கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேலை உத்தரவு நம் இரண்டு குடும்பத்துக்கும் கோத்தகிரிக்குப் பக்கத்தில், அரவேணுவுக்குக் கீழே இருந்த அதே தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது. ஒரே லயத்து வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை. உன் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் வேலை, உனக்குக் கொழுந்து. நாம் மலை என்று சொன்னதை இங்கே காடு என்றார்கள். நாம் கங்காணி என்று சொன்னால் சிரித்தார்கள், மேஸ்திரி என்று சொல்ல வேண்டுமாம். அங்கே இந்தியாக்காரன் என்று சொல்லி அனுப்பினார்கள், இங்கே வந்தால் சிலோன்காரன். “ரெண்டு எடத்துலயும் நம்ம பேரக் கேட்டவன் ஒருத்தனும் இல்ல தம்பி” என்பாய். என்னைவிட மூன்று வயதுதான் மூப்பு உனக்கு. தம்பி என்று கூப்பிடுவாய், கோபம் வந்தால் டேய்.

மூன்றாவது வருஷம் தை முடியும்போது இரண்டு மேஸ்திரி வேலை காலியானது. ஒன்று, செடியைக் கழித்து வெட்டுகிற கவ்வாத்து ஆண்கள் செட்டுக்கு. இன்னொன்று, கொழுந்தெடுக்கிற பெண்கள் செட்டுக்கு. அதுவரை பெண்கள் செட்டுக்கும் ஆண்தான் மேஸ்திரி. தோட்டத்து மேனேஜராகப் புதிதாக வந்த துரை, ஒரு பெண்ணைப் போட்டுத்தான் பார்ப்போமே என்றாராம். கவ்வாத்துக்கு என்னையும் கொழுந்துக்கு உன்னையும் ஆறு மாதம் தற்காலிகமாகப் போட்டார்கள். அந்த ஆறு மாதமும் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று ஃபீல்டு ஆபீசர் எழுதுவார். அவர் எழுதுகிற எழுத்தைப் பார்த்துத்தான் நிரந்தரம்.

எனக்கு அந்த வேலை எதற்கு வேண்டியிருந்தது என்று மறைக்க ஒன்றும் இல்லை. கத்தி பிடித்துக் கை காய்த்துப் போயிருந்தது, நாலு பேர் மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று ஆசை. நீ கேட்டது வேறு. அங்கே, மலைநாட்டில், இடி மழைக்கு இறங்க விடாமல் கங்காணி நிறுத்தி வைத்த ஒரு நாளில் உன் தங்கச்சியைத் தேயிலைக்குள்ளிருந்து தூக்கிக்கொண்டு வந்தவள் நீ. அதைப் பற்றி அதிகம் பேச மாட்டாய். வேலை கிடைத்த அன்றைக்கு மட்டும் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாய்: “எனக்கு வேற ஒண்ணும் வேணாம் தம்பி. இடி வெட்டயில ஊதி எறக்குற விசிலு என் கையில இருக்கணும். அவ்வளவுதான்.”

மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரும் கூடுகிற களத்தில், ஆபீசர் எனக்கு ஒரு விசிலும் மழைக்கோட்டும் கொடுத்தார். உனக்கு விசில் மட்டும். பெண்களுக்கான அளவில் கோட்டு இல்லையாம். நீ உன் பழைய கம்பளியையே தலையில் மடித்துப் போட்டுக்கொண்டாய். என் விசிலுக்குக் கறுப்புக் கயிறு இருந்தது, உன்னுடையதுக்கு அதுவும் இல்லை. சாயங்காலம் ரவிக்கை தைக்கிற சிவப்பு நூலை நாலாக முறுக்கி, பல்லால் இழுத்து முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து காட்டினாய். “எப்படிடா இருக்கு?” என்றாய். தாலி மாதிரி இருக்கு என்று நான் சொன்னதற்குத் தலையில் ஒரு குட்டு வாங்கினேன்.

நீ நல்ல மேஸ்திரி அக்கா. நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்? பனி காயும் முன்னே காட்டுக்குப் போய் எந்த நிரையில் கொழுந்து திரண்டிருக்கிறது என்று பார்த்து வைப்பாய். முற்றின இலையைக் கிள்ளினால் யாரென்று பார்க்காமல் திட்டுவாய். பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகிறவளின் நிரையை நீயே எடுத்துக் கொடுப்பாய். நானும் என் செட்டில் திட்டத்தான் செய்தேன், உன்னைவிடக் கேவலமாகத் திட்டினேன். கண்டிப்பான ஆளு என்று எனக்குப் பெயர் வந்தது. உன்னை உன் செட்டுப் பெண்களே பேசினார்கள். “ஆம்பள மேஸ்திரி வஞ்சா வேலைன்னு விட்டுருவோம். இவ வஞ்சா மட்டும் வலிக்குது. நம்மள மாதிரி கூடை தூக்குனவதானே?” என்று என் மனைவியிடம் ஒருத்தி சொன்னாள். அது உன் காதுக்கும் வந்தது. இரண்டு நாள் யாரையும் திட்டாமல் இருந்து பார்த்தாய். உடனே ஆபீசர், இந்தம்மாவுக்கு ஆட்களைக் கட்டி மேய்க்கத் தெரியவில்லை என்றார்.

காய்ச்சல் வந்த கதை ஞாபகம் இருக்கிறதா? என் பெரியவனுக்கு முதலில் வந்தது. ஒருநாள் பெரட்டுக்கு அரைமணி தாமதமாக ஓடினேன். ஆபீசர் என் தோளைத் தொட்டு, “பையனுக்கு எப்பிடிப்பா இருக்குது? மத்தியானம் ஊட்டுக்குப் போய் ஒருக்கா பாத்துட்டு வா. பொறுப்பான அப்பனப்பா நீ” என்றார். அதே காய்ச்சல் சுவர் தாண்டி உன் காம்பராவுக்கு வந்தது. நீ கால்மணிதான் தாமதம். ஆபீசர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, நமக்கு மேலே இருந்த பெரிய மேஸ்திரியிடம் சொன்னார்: “பொம்பளையாளப் போட்டா இதானுங்க. புள்ள, ஊடு, அடுப்பு, அப்பறந்தான் காடு.”

திரும்பி நடக்கும்போது, “ஒரே காச்சல்தானே தம்பி?” என்று கேட்டுவிட்டு நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது.

அந்த இடி நாள் ஐந்தாவது மாதத்தில் வந்தது. என் செட்டு மேல் காட்டில் வெட்டிக்கொண்டிருந்தது, உன் செட்டு நேர் கீழே ஏழாம் நம்பர் காட்டில். பகல் இரண்டு மணி இருக்கும். கோத்தகிரிப் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை இல்லை, இடி மட்டும். சில்வர் ஓக் மரங்களின் தலைமேலேயே வெட்டி வெட்டிப் போனது. கடைசி நிறுவை முடிகிற வரைக்கும் ஆபீசர் சொல்லாமல் எந்தச் செட்டும் காட்டை விட்டு இறங்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். ஆபீசர் அப்போது ஃபேக்டரியில் இருந்தார். நான் ஊதினேன். அதே நேரம் கீழே நீயும் ஊதினாய். யார் முதலில் ஊதியது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. உன் சத்தம் கேட்டபிறகுதான் எனக்குத் தைரியம் வந்ததோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

என் ஆட்களோடு இறங்குகிற வழியில் மேலேயிருந்து எல்லாம் தெரிந்தது. பெரிய மேஸ்திரி பாதையில் வந்து உன்னை மறித்தார். “ஏனம்மா, யாரைக் கேட்டு எறக்குனே? ஏத்து மேல!”

“நீங்க வேணும்னா மேல போயி நில்லுங்க. என் ஆளுங்க வரமாட்டாங்க” என்றாய். அப்புறம் திரும்பி, “என்னாடி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, கூடையப் போட்டுட்டு ஓடுங்க!” என்று ஒரு சத்தம் போட்டாய். காடு முழுக்கக் கேட்டது. எல்லாரையும் கொழுந்துக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டுக் கடைசியாக நீ நுழைந்தாய்.

இடி எங்கேயும் விழவில்லை. ஒரு மணி நேரத்தில் பளிச்சென்று வெயில் வந்துவிட்டது. ஒரு மரத்தின்மேலாவது விழுந்து தொலைந்திருக்கக் கூடாதா என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அந்த வெயில் வரும் முன்னேயே ஆபீசர் பைக்கில் வந்தார். முதலில் என்னிடம்தான் வந்தார். ஆட்களை மேலே ஏற்று என்றார். “முடியாது சார். வானம் இன்னும் தெளியல. ஏத்தணும்னா வேற மேஸ்திரியப் பாத்துக்கங்க” என்றேன். நீ பெரிய மேஸ்திரியிடம் சொன்னதைவிட ஒரு படி மேலே போய் ஆபீசரிடமே சொன்னேன், கவனி. ஒரு நிமிஷம் என்னை முறைத்துப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டு முதுகில் தட்டினார். “ஆம்பளைன்னா இப்பிடித்தானப்பா இருக்கோணும். உன்ன நம்பி நாலு ஆளை உடலாம்” என்றார். பிறகு கீழே உன் கொட்டகைக்குப் போனார். உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். காட்டில் கிடந்த கூடைகளைப் பார்த்தார், பெரிய மேஸ்திரி சொன்னதைக் கேட்டார், நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் உனக்கு மெமோ வந்தது. பயந்துபோய் ஆட்களைக் கலைத்துவிட்டாய் என்று ஒரு வரி. யாருக்கும் அடங்காமல் நடந்துகொண்டாய் என்று அடுத்த வரி. பயந்தவள் எப்படி அடங்காமல் நிற்பாள் என்று எழுதினவருக்கும் தோன்றவில்லை, படித்த எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

அதே வாரம் என் ரிப்போர்ட்டை ஆபீசர் எனக்கே வாசித்துக் காட்டினார். ‘யார் சொன்னாலும் அசையாதவர். தானே முடிவெடுப்பவர். குரலுக்கு ஆட்கள் கட்டுப்படுகிறார்கள். நிரந்தரம் செய்யலாம்.’ நான் அதை மனப்பாடம் செய்துகொண்டேன் அக்கா. வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து மனைவியிடம் ஒப்பித்தேன். என்னைப் பற்றி யாரும் அதற்கு முன் ஒரு நல்ல வார்த்தை தாளில் எழுதியது கிடையாது.

உன் விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள், மேல் காட்டிலிருந்து பார்த்தவன் என்று. ஆபீஸ் அறையில் ஆபீசர், பெரிய மேஸ்திரி, எழுதுவதற்கு ஒரு கிளார்க். நீ சுவரோரமாக நின்றாய். அங்கே நான் என்ன சொன்னேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏன் சொன்னேன் என்று நீ கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் கையில் மூன்று வார்த்தை இருந்தது. அந்த மூன்றுதான் என்னை நிரந்தரமாக்கியது. அதையே உனக்கும் சொல்லிவிட்டால் நீயும் நிரந்தரமாகிவிடுவாய் என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன். முட்டாள் நான்.

“அந்தம்மா எப்பிடிப்பட்ட ஆளுன்னு சொல்லு” என்றார் ஆபீசர்.

“யாரு சொன்னாலும் அசைய மாட்டாங்க சார்.”

“ம்... அப்பறம்?”

“தானாவே முடிவெடுப்பாங்க. யாரையும் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டாங்க. அவங்க கொரலுக்கு மொத்தச் செட்டும் கட்டுப்படும்.”

“எழுதிக்கப்பா. ஒண்ணும் உடாம எழுதிக்க.”

கிளார்க் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். போதும் நிறுத்து என்றுதான் பார்த்திருக்கிறார். எனக்கு அது மெச்சுகிற பார்வையாகப் பட்டது. உற்சாகமாகி இன்னும் ஒன்று சேர்த்தேன்: “பெரிய மேஸ்திரியவே, நீங்க போயி நில்லுங்கன்னு சொன்னவங்க சார். அம்புட்டுத் தைரியம்.” பெரிய மேஸ்திரி முகம் சிவந்துவிட்டது. ஆபீசர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார், அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கிளார்க் எழுதியதை வாசித்தார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்துத்தான் பார்த்தேன். பால் பாத்திரத்தைத் தட்டிவிட்டுவிட்டு விழிக்கிற பிள்ளையைத் தாய் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாய்.

லயத்துக்குத் திரும்புகிற பாதையில் நீ முன்னால் விடுவிடுவென்று நடந்தாய். நான், “அக்கா, நான் நல்லதுதானே சொன்னேன், எனக்கு எழுதினதத்தானே ஒனக்கும் சொன்னேன்” என்று அழாக்குறையாகக் கேட்டேன்.

“நீ பொய் சொல்லலடா” என்றாய். “ஒனக்குச் சொன்னா அது மெப்பு. எனக்குச் சொன்னா குத்தம். ஒனக்கு அது தெரியாம இருந்துச்சு. நான் அத தெரிஞ்சுக்கிட்டே விசிலு வாங்குனேன்.”

உன் வேலையைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. ஆபீசரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதித் தரச் சொல்லப்பா. இடிக்குப் பயந்துட்டேன், தெரியாம செஞ்சுட்டேன், இனிமே பெரியவங்க பேச்சைக் கேட்டு நடக்கறேன்னு. இன்னொரு ஆறு மாசம் பாக்கலாம்.” நான் ஓடி வந்து நானே எழுதினேன். என் பாவத்தைக் கழுவ ஒரு தாள் கிடைத்த மாதிரி இருந்தது. பணிவான வார்த்தையாகப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டேன். உன் காம்பராவில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாய். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள், நேரமாயிற்று. நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

“நீயும் எழுதிக் குடுத்தியா?” என்றாய்.

“என்கிட்ட கேக்கலியே அக்கா.”

“பதினெட்டு பேரு நல்லபடியா எறங்கி ஊட்டுக்கு வந்ததுக்கு மன்னிப்பா? போடா.” நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாய். அது எரிகிற வெளிச்சத்தில் உன் முகத்தைப் பார்த்தேன். நீ அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் பெரட்டில் எல்லார் முன்னாலும் விசிலைக் கேட்டு வாங்கினார்கள். நீ நூலைக் கழற்றவில்லை, நூலோடு அப்படியே தலைவழியாக எடுத்துக் கொடுத்துவிட்டு, கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு, பெண்கள் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றாய். ஒரு பெண்ணை மேஸ்திரியாகப் போட்டுப் பார்த்தாயிற்று, சரிப்படவில்லை என்று துரை எழுதிக்கொண்டார். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தத் தோட்டத்தில் இன்னொரு பெண்ணைப் போட்டுப் பார்க்கவில்லை.

உன் செட்டையும் சேர்த்து என்னிடம் கொடுத்தார்கள். ஆபீசர் உன் விசிலை என் கையில் வைத்து, “உன்னுது சத்தம் கம்மி. இதை வெச்சுக்க” என்றார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். யார் சொன்னாலும் அசையாதவன் அல்லவா நான்! வாங்கிக்கொண்டேன். என் உதடு அதில் பட்டபோது உன் வெற்றிலை வாசனை இருந்தது. கழுவிவிட்டு ஊதினேன். நூலை மாற்ற மட்டும் கை வரவில்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் நீ உன் விசில் சத்தத்துக்குக் காட்டில் ஏறினாய், உன் விசில் சத்தத்துக்கு இறங்கினாய். ஊதினது நான். ஒரு நாளும் நீ தலை தூக்கிப் பார்த்ததில்லை. என்னோடு பேசாமல் இருந்தாய் என்றும் சொல்ல முடியாது. என் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்தாய், என் மனைவியின் பிரசவத்துக்கு நீதான் கூட இருந்தாய். காட்டில் மட்டும், எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி, மேஸ்திரி என்று கூப்பிட்டாய். நிறுவைக்குக் கொழுந்தைக் கொண்டுவந்து போடுவாய், அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது. உன் வாய் எங்கே போனது அக்கா? மண்டபத்துக் குழாயடியில் நாலு ஆம்பளைகளை விரட்டின வாய். அது போனதை என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

வானம் கறுத்தால் போதும், நான் யாரையும் கேட்காமல் ஊதி இறக்கிவிடுவேன். உனக்காகத்தான் செய்தேன். அதற்கும் பெயர் எனக்கே வந்தது. நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலை போட்டு, இடி மழையில் ஆட்களைக் காப்பாற்றின மேஸ்திரி, தைரியசாலி என்று மைக்கில் பேசினார்கள். நீ எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றிருந்தாய். கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாய். எழுந்து நின்று அந்த விசில் யாருடையது என்று சொல்ல வேண்டுமென்று தொண்டை வரை வந்தது. நன்றி வணக்கம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தது நெஞ்சுச் சளி கட்டி நீ எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் அரவேணுவில் பஸ் இறங்கி நடந்தேன். உன் மருமகள் பிளேன்டீ கொடுத்தாள். நீ மூச்சு வாங்கிக்கொண்டே, “அந்த விசிலு இன்னும் சத்தம் வருதாடா?” என்று கேட்டாய்.

“வருது அக்கா.”

“நல்ல விசிலு” என்றாய்.

நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இதுவரை எழுதி நிறுத்தியபோது மகள் கூப்பிட்டாள். அவள் ஆபீஸிலும் வருஷத்துக்கு ஒருமுறை எப்படி நடந்துகொள்கிறாய் என்று எழுதித் தருவார்களாம். அதை வாசித்துக் காட்டினாள்: ‘வேலையில் குறையில்லை. பேச்சில் கடுமை. மற்றவர்களோடு இணக்கமாக நடந்துகொள்ளப் பழக வேண்டும்.’ முடிக்காத வேலையை முடித்ததாக எழுதச் சொன்னார்களாம், முடியாது என்றாளாம். “கூட இருக்கறவனும் முடியாதுன்னுதான்ப்பா சொன்னான். மேசையத் தட்டிச் சொன்னான். அவனுக்கு ‘உறுதியானவர்’னு எழுதியிருக்காங்க” என்றாள். சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இவ்வளவையும் காலையிலிருந்து உட்கார்ந்து எழுதின இந்தக் கையோடு, “கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாமே கண்ணு” என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். சுவரோரமாக நின்றுகொண்டு நீ பார்த்தாயே, அதே பார்வை.

பிறகு திரும்பி உட்கார்ந்து ஆபீசுக்குப் பதில் தட்டத் தொடங்கினாள். முடித்ததும் வாசித்தாள். ‘என் பேச்சு யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன். இனி மூத்தவர்களின் ஆலோசனையைக் கேட்டு நடந்துகொள்வேன்.’ நான் உனக்காக எழுதினது போலவே இருந்தது. என்னைவிட நன்றாகவே எழுதியிருந்தாள், படித்தவள் அல்லவா.

“நல்லா இருக்காப்பா?” என்று கேட்டாள்.

சட்டைப் பைக்குள் கை இருந்தது. உன் முடிச்சு விரலில் தட்டுப்பட்டது.

“நல்லா இருக்கு” என்றேன்.

ஒரு விரலால் தட்டினாள், போய்விட்டது. விசில் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அவள் எழுதினதைக் கிழித்து அடுப்பில் போட இந்த வீட்டில் ஒருத்தரும் இல்லை அக்கா.